கேம்ஸ் இருக்கு, ஹங்கர் எங்கே?

முன்குறிப்பு: கதையோட முடிவு வரைக்கும் போட்டு உடைக்கப் போறேன். புத்தகம் படிக்காதவங்க இப்படியே திரும்பிப் போய் படிச்சிட்டு வந்து சண்டை போடுங்க. நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன் :-)

2025-ல சூசன் காலின்ஸோட ஐந்தாவது பனெம் நாவல் வந்தாலும் வந்தது, 2012-ல வந்த முதல் 'ஹங்கர் கேம்ஸ்' படத்தை ஆளாளுக்குத் தூசி தட்ட ஆரம்பிச்சிட்டாங்க. தட்டட்டும், நல்லதுதான். ஆனா தட்டுறவங்க எல்லாரும் ஒரே வாக்கியத்தை மந்திரம் மாதிரி ஓதுறதுதான் தாங்கலை. "நாவலுக்கு இவ்வளவு விசுவாசமா எடுத்த படம் வேற கிடையாது." காரணம் கேட்டா ரெடியா ஒரு பட்டியல் வச்சிருக்காங்க. அறுவடை நாள் இருக்கு, தங்கச்சிக்குப் பதிலா அக்கா முன்வர்றது இருக்கு, பன்றி வாயில இருக்கிற ஆப்பிளை அம்பால அடிக்கிறது இருக்கு, ரூ சாகிறது இருக்கு, கடைசியில விஷப்பழமும் இருக்கு. போதாக்குறைக்கு திரைக்கதையில இயக்குநர் கேரி ராஸ், பில்லி ரே கூடவே காலின்ஸ் பேரும் இருக்கு. எழுதின அம்மாவே ஒத்துக்கிட்டாங்க, நீ யாருய்யா கேக்கிறதுக்கு?

நான் பொட்டி தட்டுறவன். எங்க தொழில்ல இதுக்கு ஒரு பேர் உண்டு: டெஸ்ட் கேஸ் எல்லாம் பச்சை, ப்ரோகிராம் மட்டும் வேற ஏதோ வேலை செய்யுது. பட்டியல்ல இருக்கிற ஒவ்வொரு காட்சியும் படத்துல இருக்கிறது உண்மை. அந்தக் காட்சிகளை எல்லாம் கோத்து வச்சிருந்த நூலைத்தான் உருவி எறிஞ்சிட்டாங்க. அந்த நூலோட பேரு பசி. தலைப்புலயே முதல் வார்த்தையா நிக்குதே, அதான்.

இது ஏதோ நானா கண்டுபிடிச்ச உள்ளர்த்தம் கிடையாது. அந்த நாட்டோட பேரே 'பனெம்'. லத்தீன்ல ரொட்டி. ரொட்டியும் சர்க்கஸும் குடுத்தா ஜனங்க அரசியலை மறந்துடுவாங்கங்கற பழைய ரோமானிய வசனத்துலேர்ந்து எடுத்தது. மூணாவது நாவல்ல ஒரு பாத்திரம் இதை வெளிப்படையாவே விளக்கும். கதாநாயகனுக்கு பீட்டான்னு பேரு, ரொட்டிக்கடைக்காரர் மகன். கதாநாயகியோட பேரு காட்னிஸ், அது தண்ணியில வளர்ற ஒரு கிழங்குச் செடி. உன்னை நீயே கண்டுபிடிச்சிட்டா பட்டினி கிடக்க மாட்டேன்னு அவங்க அப்பா கிண்டலடிப்பார். நாட்டோட பேரு சோறு, நாயகி பேரு சோறு, நாயகன் வீட்டுத் தொழில் சோறு. இதுக்கு மேல ஒரு எழுத்தாளர் எப்படிச் சொல்றது? மைக் வச்சா?

படத்துல இருந்து ரொட்டி போயிடுச்சு. சர்க்கஸ் மட்டும் பத்திரமா இருக்கு.

முதல்ல கணக்கைப் பாப்போம். நாவல்ல 12 வயசு ஆனதும் உன் பேரு ஒரு தடவை குலுக்கல் கூஜாவுக்குள்ள போகும். 13 வயசுல ரெண்டு, இப்படியே ஏறி 18-ல ஏழு. இது பணக்காரன் ஏழை எல்லாருக்கும் பொது. ஆனா வீட்டுல அடுப்பு எரியலைன்னா 'டெசரா'ன்னு ஒண்ணு வாங்கிக்கலாம். ஒரு ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான தானியமும் எண்ணெயும், அதுவும் அரைவயித்துக்குத்தான். விலை? உன் பேரு கூடுதலா ஒரு தடவை கூஜாவுக்குள்ள. குடும்பத்துல எத்தனை தலையோ அத்தனை டெசரா வாங்கலாம். அடுத்த வருஷம் பழைய சீட்டு அழியாது, சேர்ந்துகிட்டே போகும்.

காட்னிஸ் 12 வயசுலேர்ந்து தனக்கு, தங்கச்சிக்கு, அம்மாவுக்குன்னு வருஷம் மூணு டெசரா வாங்குறா. கட்டாயச் சீட்டு ஒண்ணு. வருஷத்துக்கு நாலு, அஞ்சு வருஷத்துல 20. கேல் வீட்டுல அஞ்சு பேரு. அஞ்சும் ஒண்ணும் ஆறு, ஏழு வருஷத்துக்கு 42. உக்காந்து போட்டுப் பாத்தேன், ஒரு எண் கூடப் பிசகலை. கந்துவட்டிக்காரன் நோட்டு மாதிரி அவ்வளவு துல்லியம். இந்த நாவலோட கொடுமை வாள்லயும் ஈட்டியிலயும் இல்லை, இந்த நோட்டுலதான் இருக்கு. அதிகாரம் யாரையும் கழுத்தைப் பிடிச்சு இழுக்கலை. பசிச்சவன் தானா வந்து தன் சாவோட சாத்தியத்தைத் தவணை முறையில வித்துட்டுப் போறான்.

படத்துல இது எவ்வளவு? கேல் 42-ன்னு ஒரு வரி சொல்றான். விடைபெறும்போது காட்னிஸ் தங்கச்சிகிட்ட, கூடுதல் சாப்பாட்டுக்காக பேரைக் குடுக்காதேங்கறா. அவ்வளவுதான். புத்தகம் படிக்காம தியேட்டர்ல உக்காந்திருக்கிறவனுக்கு 42-ங்கறது வெறும் நம்பர். பஸ் ரூட்டு நம்பர் மாதிரி.

இங்கதான் மேயர் பொண்ணு மேட்ஜ் விவகாரம் வருது. மேட்ஜைப் படத்துல தூக்கிட்டாங்கன்னு ரசிகர்கள் ஒப்பாரி வச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். ஏன்னா மாக்கிங்ஜே பின்னை நாவல்ல அவதான் குடுப்பா. படத்துல காட்னிஸுக்கு அது கள்ளச்சந்தையில கிடைக்குது. பின்னை யாரு குடுத்தா என்னய்யா? அழணும்னா வேற ஒரு இடத்துக்காக அழுங்க. அறுவடை நாள் காலையில காட்னிஸும் கேலும் மேயர் வீட்டுக் கொல்லை வாசல்ல ஸ்ட்ராபெரி விக்கப் போவாங்க. நல்ல உடுப்புல வந்து நிக்கிற மேட்ஜ்கிட்ட கேல் குத்தலா ரெண்டு வார்த்தை பேசுவான். அவ பேரு கூஜால கொஞ்சம்தானே, அவ ஏன் டெசரா வாங்கப் போறா? ஆனா காட்டுக்குள்ள தனியா இருக்கும்போது அதே கேல்தான் பொருமுவான்: ராத்திரிச் சாப்பாடு நிச்சயமா இருக்கிறவனுக்கும் இல்லாதவனுக்கும் நடுவுல பகையை மூட்டத்தான் கேபிடல் இந்த டெசராவையே வச்சிருக்குன்னு. தந்திரம் புரிஞ்சவனே அந்தத் தந்திரத்துக்கு இரையாகி, ஒண்ணும் செய்யாத ஒரு பொண்ணு மேல எரிஞ்சு விழறான். ரெண்டு பக்கம்தான். மொத்த அரசியலும் அதுல இருக்கு. படத்துல மேட்ஜும் இல்லை, வாசலும் இல்லை, பேச்சும் இல்லை. பின் மட்டும் இருக்கு. அதானே முக்கியம், கடையில விக்கலாமே!

அடுத்தது ரூ. இதைச் சொன்னா அடிக்க வருவீங்கன்னு தெரியும், இருந்தாலும் சொல்றேன். ரூவோட உடம்பைச் சுத்திப் பூ வைக்கிற காட்சியில எனக்கும் தொண்டை அடைச்சது, அந்த நடிப்புல எனக்கு ஒரு குறையும் இல்லை. அதுக்கப்புறம் படம் என்ன செய்யுது? காட்னிஸ் கேமராவைப் பார்த்து மூணு விரலைக் காட்டுறா, உடனே 11-ஆம் மாவட்டத்துல கலவரம் வெடிக்குது. தானிய மூட்டை சரியுது, தண்ணியைப் பீய்ச்சி அடிக்கிறாங்க. தியேட்டர்ல விசில் பறந்திருக்கும்.

நாவல்ல அந்த இடத்துல கலவரம் கிடையாது. ஒரு ரொட்டி வரும். வெள்ளிப் பாராசூட்ல, பிறை வடிவத்துல, மேல விதை தூவின சின்ன ரொட்டி. 11-ஆம் மாவட்டத்து ரொட்டி. தங்களுக்கே சோத்துக்கு வழியில்லாத ஜனங்க, தங்க மாவட்டத்துப் பொண்ணு ரூவுக்காகக் காசு சேத்திருக்காங்க. அவ செத்துட்டா. பணத்தைத் திருப்பி வாங்கிக்காம, வேற மாவட்டத்துக்காரிக்கு அதை அனுப்புறாங்க. தன் ஆள் இல்லாத ஒருத்தருக்கு ஒரு மாவட்டம் பரிசு அனுப்பினதா அதுக்கு முன்னாடி காட்னிஸ் கேள்விப்பட்டதே இல்லை. பசிச்சவன் இன்னொரு பசிச்சவனுக்குக் குடுக்கிறான். டெசரா மூட்டி வச்ச பகை அங்க முதல் தடவையா உடையுது. கல்லெறியறதை விட கேபிடலுக்கு ஆபத்தானது அந்த ரொட்டிதான். கல்லெறியறவனைச் சுட்டுடலாம், ரொட்டியை என்ன பண்றது?

ஆனா ரொட்டி ட்ரெய்லர்ல எடுபடாது. கலவரம் எடுபடும்.

அரங்கத்துக்குள்ளயும் இதே கதைதான். நாவல்ல முதல் சில நாள் காட்னிஸைக் கொல்லப் பாக்கிறது எதிராளி இல்லை, தாகம். நாக்கு தடிச்சு, கால் பின்னி, விழுந்த இடத்துல சேறு தட்டுப்பட்டதும்தான் புரியும்: ஹேமிட்ச் தண்ணி அனுப்பாம இருந்ததே ஒரு சேதி, பக்கத்துலயே தண்ணி இருக்கு. அந்தக் குடிகாரரும் இவளும் ஒரு வார்த்தை பேசாம, அனுப்பினது அனுப்பாததை வச்சே பேசிக்கிறாங்க. படத்துல தண்ணி சட்டுனு கிடைச்சிடும், ஹேமிட்ச் பாராசூட்ல துண்டுச் சீட்டு எழுதி அனுப்பிடுறார். வேலை முடிஞ்சது. நமக்கும் மூளைக்கு வேலை மிச்சம்.

கேபிடல்ல முதல் சாப்பாடு வரும்போது நாவல்ல காட்னிஸ் மனசுக்குள்ள ஒரு கணக்கு போடுவா. இதே சாப்பாட்டை எங்க ஊர்ல செய்யணும்னா? கோழி வாங்கக் கட்டுபடியாகாது, காட்டு வான்கோழி அடிக்கணும். ஒரு ஆரஞ்சுக்கு இன்னொரு வான்கோழியை மாத்தணும். க்ரீமுக்குப் பதிலா ஆட்டுப்பால். நாள் கணக்கா வேட்டையாடினாலும் இந்தத் தட்டுக்கு ஈடாகாது, இங்கயோ ஒரு பட்டனை அமுக்கினா வருது. இந்த ஊர்க்காரங்க மிச்ச நேரத்தை என்னதான் பண்ணுவாங்கன்னு யோசிப்பா. படத்துல ரயில்ல கேக்கும் பழமும் அடுக்கி வச்சிருக்காங்க. அழகா இருக்கு. கேமரா நகர்ந்துடுது.

"மனசுக்குள்ள நடக்கிறதை எப்படிய்யா படமா எடுக்கிறது? நாவல் முழுக்க தன்மையில, நிகழ்காலத்துல எழுதினது"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. பின்னணியில குரல் வைக்கலைங்கறதுல எனக்கு சந்தோஷம்தான். ஆனா அந்தக் குரலுக்குப் பதிலா என்ன வச்சாங்கன்னு பாருங்க. கண்ட்ரோல் ரூம்! நாவல்ல கண்ட்ரோல் ரூம் கிடையவே கிடையாது. முதல் புத்தகத்துல அதிபர் ஸ்னோவே எங்கயோ ரெண்டு இடத்துல தலைகாட்டிட்டுப் போறவர். நெருப்பு எங்கேர்ந்து வருது, யாரு செத்தாங்க, எதிராளி எங்க இருக்கான், எதுவும் காட்னிஸுக்குத் தெரியாது, அதனால நமக்கும் தெரியாது. பீரங்கி வெடிச்சா ஒருத்தர் காலி. யாருன்னு தெரிய ராத்திரி வானத்துல முகம் வர்ற வரைக்கும் காத்திருக்கணும்.

படம் நம்மளை அந்த மரத்துலேர்ந்து இறக்கி, செனெகா கிரேன் பக்கத்துல ஏசி ரூம்ல நாற்காலி போட்டு உக்கார வச்சிடுது. ஒத்துக்கறேன், அந்த ரூம் எனக்குப் பிடிச்சது. வெள்ளை யூனிஃபார்ம், ஒளியில மிதக்கிற மேப்பு, ஒரு பொண்ணு மேசை மேல நாயை டிசைன் பண்ணிக் காட்டுறா, மேலதிகாரி பாராட்டுறார். யாருக்கும் கோபம் இல்லை, வெறி இல்லை, ரிலீஸ் அன்னிக்கு ராத்திரி எங்க ஆபீஸ் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கு. படத்தோட சொந்தச் சரக்குன்னா இது ஒண்ணுதான், நல்ல சரக்கு. கொலையை யாரோ ராட்சசன் செய்யறதில்லை, அப்ரைசல் எதிர்பாக்கிற என்னை மாதிரி ஆளுங்கதான் செய்யறாங்கன்னு காட்ட எவ்வளவு அருமையான வாய்ப்பு! ஆனா படம் அந்த நாற்காலியில நம்மளைக் கூச்சப்பட வைக்கலை. வசதியா உக்கார வச்சிருக்கு. அடுத்து என்ன விடப்போறாங்கன்னு முன்கூட்டியே தெரிஞ்சு வேடிக்கை பாக்கறோம். புரியாத இடத்துல எல்லாம் டிவி தொகுப்பாளர் சீசர் வந்து, இது விஷக்குளவி, இது கண்ணிவெடின்னு கிரிக்கெட் வர்ணனை மாதிரி விளக்குறார். டிவி ரியாலிட்டி ஷோவையும் இராக் போர்க் காட்சிகளையும் மாத்தி மாத்திச் சேனல் திருப்பிக்கிட்டிருந்தப்போ ரெண்டும் கலங்கித் தெரிஞ்சுதான் கதைக்கரு வந்ததுன்னு காலின்ஸ் சொல்லியிருக்காங்க. அந்தச் சேனல் திருப்புற ஆளைக் குற்றம் சொன்ன புத்தகத்தை எடுத்து, அதே ஆளுக்கு இன்னும் ரெண்டு சேனல் சேத்துக் குடுத்திருக்காங்க.

அந்த நாய்களைப் பத்தி ஒரு வார்த்தை. நாவல்ல அது வெறும் நாய் இல்லை. 21 மிருகங்கள், கழுத்துப் பட்டையில மாவட்ட எண், செத்துப்போன பசங்களோட கண்ணு. ரூவோட கண்ணும் அதுல ஒண்ணு. கேட்டோ உடனே சாக மாட்டான், ராத்திரி பூரா அவன் முனகலைக் கேட்டுக்கிட்டு ரெண்டு பேரும் குளிர்ல உக்காந்திருப்பாங்க. பொழுது விடியும்போது இரக்கத்துல ஒரு அம்பு விடுவா. படத்துல நாய் நாயாவே இருக்கு, கேட்டோ ஒரு வசனம் பேசிட்டு விழுந்து சீக்கிரமா முடிஞ்சு போறான்.

நாவல்ல பீட்டாவுக்குக் காலும் போயிடும். முழங்காலுக்குக் கீழ வெட்டி, செயற்கைக் கால் வைப்பாங்க. ஜெயிச்சு வந்தவன் முழுசா வரலை. படத்துல ஜாஷ் ஹட்சர்சன் ரெண்டு காலோட சிரிச்ச முகமா ரயில்லேர்ந்து இறங்குறார். அடுத்தடுத்த படங்கள்லயும் கால் இருக்கு. சந்தோஷம்.

ஏன் இப்படின்னு ரொம்ப யோசிக்க வேண்டாம். அமெரிக்காவுல 13 வயசுப் பசங்க உள்ள வரணும்னா பிஜி-13 சான்றிதழ் வேணும். இங்கிலாந்துல சின்னப் பசங்களுக்கான 12ஏ சான்றிதழுக்காக ஏழு விநாடி வெட்டினாங்க, ரத்தத் துளிகளைக் கம்ப்யூட்டர்லயே அழிச்சாங்க. முதல் நாள் கொலைகளின்போது சத்தத்தைக் குறைச்சு கேமராவை ஆட்டுறாங்களே, அது மரியாதையான அடக்கம்னு விமர்சகர்கள் எழுதினாங்க. ஓரளவுக்குச் சரிதான், பாதி கண்ணால பாக்கிறப்பதான் பயமா இருக்கு. ஆனா கொலையை மறைச்சது மட்டும் அடக்கம்னா, பசியை மறைச்சது எந்த அடக்கம்? பசிக்கு எந்த சென்சாரும் கத்தரி போடச் சொல்லலையே.

வசூல் கிட்டத்தட்ட 69 கோடி டாலர். அதுல எனக்கு வயித்தெரிச்சல் இல்லை. கூடவே வந்த சரக்குகளைப் பாருங்க. 2012-லயே சைனா கிளேஸ் 'கேபிடலின் வண்ணங்கள்'னு நகப்பூச்சு விட்டது. 2013-ல இரண்டாம் படத்துக்கு கவர்கேர்ல் கம்பெனி மாவட்டத்துக்கு ஒரு மேக்கப் ஸ்டைல்னு விளம்பரம் போட்டது. நிலக்கரி தோண்டிச் சாகிற 12-ஆம் மாவட்டத்துக்கும் ஒரு ஐ-ஷேடோ! அதே வருஷம் சப்வே காரசாரமா சாண்ட்விச் விளம்பரம் பண்ணிச்சு. நாலு பக்கமா ரொட்டி ரொட்டின்னு புலம்பிக்கிட்டிருக்கேன், கடைசியில வந்துடுச்சு பாருங்க.

லயன்ஸ்கேட் ஐ.நா.வோட உலக உணவுத் திட்டத்துக்கும் கை குடுத்ததே, அது எங்க போச்சுன்னு கேப்பீங்க. குடுத்தது, மறுக்கலை. ஆனா அதே 2012-ல ஹாரி பாட்டர் அலையன்ஸ்ங்கற ரசிகர் குழு ஆக்ஸ்ஃபாமோட சேந்து "பசி விளையாட்டல்ல"ன்னு பிரச்சாரம் ஆரம்பிச்சப்போ, நிறுத்தச் சொல்லி லயன்ஸ்கேட்லேர்ந்து கடிதம் போச்சு. ரசிகர்கள் பொங்கினதும் பின்வாங்கினாங்க. ஹங்கர்ங்கற வார்த்தை அவங்களுக்கு ஒரு ட்ரேட்மார்க். அதை யாராவது அகராதி அர்த்தத்துல எடுத்துக்கிட்டா தலைவலிதானே.

எதிர்த்தரப்புல இருக்கிற ஒரே வலுவான சீட்டு தாய்லாந்து. 2014 மே மாச ராணுவப் புரட்சிக்கு அப்புறம் அங்க போராடினவங்க அந்த மூணு விரலைத்தான் தூக்கினாங்க. பிரயுத் முன்னாடியே அதைக் காட்டின மாணவர்களைப் பிடிச்சுக்கிட்டுப் போனாங்க, பாங்காக்ல ஒரு தியேட்டர் குழுமம் மூணாவது படத்தோட காட்சிகளையே ரத்து பண்ணிச்சு. 2021-ல மியான்மர்லயும் அதே விரல்கள். படம் இல்லாம வெறும் புத்தகத்தால இது நடந்திருக்குமா? நடந்திருக்காது. சைகை கண்ணுல பட்டாத்தான் பரவும், அதுக்குப் படம்தான் வேணும். இதை நான் முழுசா படத்தோட கணக்குல வரவு வச்சிடறேன்.

ஆனா விரலைத் தூக்கினவங்க படத்துலேர்ந்து எடுத்துக்கிட்டது அந்த ஒரு சைகையைத்தான். அதுக்குப் பின்னால எதை வைக்கணுமோ அதை அவங்கவங்க ஊர்லேர்ந்து, அவங்க உயிரைப் பணயம் வச்சு, அவங்களே போட்டுக்கிட்டாங்க. லயன்ஸ்கேட் அதுக்கு ஒண்ணும் தரலை.

ஜெனிஃபர் லாரன்ஸைப் பத்தி ஒரு குறையும் சொல்லலையேன்னு ஒரு நண்பர் ஃபோன்ல கேட்டார். சொல்ல ஒண்ணும் இல்லை. கண்ணாடிக் குழாய்ல ஏறுறதுக்கு முன்னாடி அவங்க கை நடுங்குறதைப் பாத்தீங்களா? நாவல்ல இருக்கிற பயம் முழுசா அந்தக் கையில இருக்கு. அந்தப் பொண்ணுக்கு நாலு காட்சியில பசிக்கவும் விட்டிருந்தா இந்தப் பதிவுக்கே வேலை இல்லை.

டிஸ்கி: குகைக்குள்ள ஒரு முத்தத்துக்கு ஒரு பாத்திரம் சூப் வர்ற விஷயத்தை வேணும்னே விட்டுட்டேன். அதுல காதல் எவ்வளவு, வயிறு எவ்வளவுன்னு காட்னிஸுக்கே தெரியாது. படத்துக்கு மட்டும் எல்லாம் தெரியும். அதைத் தனியா எழுதறேன், இப்ப எழுதினா விடிஞ்சிடும். டெசரா கணக்குல தப்பு இருந்தா சொல்லுங்க, திருத்திடறேன். மத்ததை எல்லாம் திருத்தறதா இல்லை :-)